பாடும் பெட்டி: பழைய மாடலும் புது மாடலும்

ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கப் போகிற எல்லோரும் ஒரு கேள்வி கேட்பார்கள். பழைய மாடலே போதுமா, இல்லை கூடக் கொஞ்சம் காசு போட்டுப் புது மாடல் வாங்கலாமா? கடைக்காரர் உடனே அட்டைப்பெட்டியைத் திருப்பிக் காட்டுவார். பேட்டரி எத்தனை மணி நேரம், எத்தனை வாட்ஸ், தண்ணீரில் விழுந்தால் தாங்குமா... அந்த எண்களை வைத்துத்தான் தீர்ப்பு. ஆனால் இதே ஸ்பீக்கரைத் தேவிகாபுரத்தில் ஒரு தறிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால், அட்டைப்பெட்டியில் இருக்கிற எண்களில் பாதி உதவாது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தப் பெட்டி பாடுவதற்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை கையைக் கேட்கும்?

தேவிகாபுரம் திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணிக்குத் தெற்கே, போளூருக்கும் சேத்துப்பட்டுக்கும் நடுவில் இருக்கிற ஊர். விஜயநகர காலத்துப் பெரியநாயகி அம்மன் கோயிலும், மலைமேல் இருக்கிற கனககிரீசுவரர் கோயிலும் ஊருக்கு அடையாளம். இன்னொரு அடையாளம் பட்டு. ஆரணிப் பட்டு என்று கடைகளில் விற்கிற புடவைகளில் இந்தச் சுற்றுவட்டாரத்துத் தறிகளில் நெய்ததும் சேர்த்தி. தறி இருப்பது தொழிற்சாலையில் இல்லை, வீட்டில். ஒருவர் நெய்வார், இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றுவார். குழந்தைகள் அதே கூடத்தில்தான் வீட்டுப்பாடம் எழுதும்.

கைத்தறியில் உட்கார்ந்தவரின் உடம்பைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். ஒரு கை கயிற்றை இழுத்து நாடாவை ஓட விடுகிறது. இன்னொரு கை ஊடையை அடித்துச் சேர்க்கிறது. கால் இரண்டும் மிதியில். கண் பாவில். ஒரு இழை அறுந்ததைக் கவனிக்காமல் நாலு விரல்கடை நெய்துவிட்டால், அதைப் பிரித்துச் சரி செய்கிற வேலை நெய்வதைவிடப் பெரிய வேலை. ஆக, சும்மா இருப்பது காது மட்டும்தான். அதுவும் முழுக்கச் சும்மா இல்லை. நாடா ஒழுங்காக அந்தப் பக்கம் போய் விழுந்ததா என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். காதில் மாட்டுகிற இயர்போன் தறிக்கு ஒத்துவராததற்கு இது ஒரு காரணம். தார் சுற்றுகிறவருக்கும் பாட்டு கேட்க வேண்டும் என்பது இன்னொன்று.

இதில் காசும் இருக்கிறது. கூலி புடவைக்குத்தான், நேரத்துக்கு இல்லை. பாட்டு மாற்றக் கையை எடுத்தால் தறி நிற்கும். ஒரு தடவை நின்றால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு முப்பது தடவை நின்றால்?

கையும் கண்ணும் மாட்டிக்கொண்ட வேலையில் காதுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம்தான். கியூபாவில் சுருட்டு சுற்றும் ஆலைகளில் 1865ல் ஒரு பழக்கம் ஆரம்பித்தது. ஒருவர் மேடையில் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். படிப்பவருக்குச் சம்பளம் முதலாளி கொடுக்கவில்லை. தொழிலாளிகளே தங்கள் கூலியிலிருந்து போட்டுக் கொடுத்தார்கள். மான்டி கிறிஸ்டோ என்ற சுருட்டின் பெயரே அப்படிப் படிக்கப்பட்ட நாவலிலிருந்து வந்தது என்பார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது பி.பி.சி. 1940 ஜூன் 23 அன்று 'மியூசிக் வைல் யூ வொர்க்' என்று ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்காக அரை மணி நேர இசை. அதில் ஒரு வேடிக்கை உண்டு. 'டீப் இன் த ஹார்ட் ஆஃப் டெக்சஸ்' என்ற அமெரிக்கப் பாட்டுக்கு வேலை நேரத்தில் தடை! காரணம், அந்தப் பாட்டில் நடுநடுவே கைதட்ட வேண்டும். கேட்பவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கைதட்டுவார்கள், இல்லை கையில் இருக்கிற கருவியால் தட்டுவார்கள் என்று பயந்தார்கள். கையைக் கேட்கிற பாட்டு வேலைக்கு ஆகாது என்பதை பி.பி.சி. அன்றே கண்டுபிடித்திருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். சென்னையில் ரேடியோ தொடங்கியது 1924ல், மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் மூலம். பணம் இல்லாமல் 1927ல் மூடிவிட்டார்கள். 1930ல் சென்னை மாநகராட்சி அதை எடுத்து நடத்தியது. அப்போது வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் ரொம்பக் குறைவு. அதனால் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். மாலை நேரத்தில் ஜனங்கள் அதன் முன்னால் போய் உட்கார்ந்து கேட்டார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. பின்னாளில் கிராமங்களில் பஞ்சாயத்து ரேடியோ வந்ததும் இதே மாதிரிதான். பெட்டி ஆபீசுக்குள், குழாய் வெளியே. மாலைச் செய்தியும் பாட்டும் ஊருக்கே பொது. எந்த நிலையம் வைப்பது என்பது சாவி வைத்திருப்பவர் முடிவு.

பாடும் பெட்டியின் முதல் மாடல் என்று இதைத்தான் சொல்ல வேண்டும். கையையே கேட்காது. ஆனால் தறியில் உட்கார்ந்தபடி அதைக் கேட்க முடியாது. வேலையை முடித்துவிட்டுப் போய்க் கேட்க வேண்டும்.

வீட்டுக்குள் வந்த வால்வு ரேடியோ மர அலமாரி மாதிரி இருக்கும். மின்சாரம் வேண்டும், சூடாக வேண்டும், விலையும் அதிகம். நெசவாளர் வீட்டுக் கூடத்துக்குள் பாட்டு நிஜமாகவே நுழைந்தது டிரான்சிஸ்டரால். 1947ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தார்கள். 1954ல் ரீஜென்சி டி.ஆர்.1 என்ற கையடக்க ரேடியோ விற்பனைக்கு வந்தது. விலை 49 டாலர் 95 சென்ட். அடுத்த வருடமே சோனி தன்னுடையதை இறக்கியது. இந்தியாவில் மர்பி, புஷ், பிலிப்ஸ் என்ற பெயர்கள் வீட்டுப் பெயர் மாதிரி ஆகிவிட்டன. பெட்டி வாங்கினால் போதாது, லைசென்சும் எடுக்க வேண்டும். வருடா வருடம் தபால் ஆபீசில் பணம் கட்டி முத்திரை வாங்க வேண்டும். அந்த வழக்கம் 1980களின் நடுவில்தான் ஒழிந்தது. பாட்டு கேட்கத் தபால் ஆபீசில் வரிசையில் நின்ற காலம் என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்ப மாட்டார்கள்!

சரி, அந்தப் பெட்டியில் என்ன கேட்டார்கள்? 1952ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அநேகமாக நின்றே போனது. அதனால் லாபம் அடைந்தது கடல் தாண்டி இருந்த ரேடியோ சிலோன். உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவம் தன் வீரர்களுக்காக இலங்கையில் அமைத்த பலமான சிற்றலை ஒலிபரப்பி அவர்கள் கையில் இருந்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை தமிழ்நாடு முழுக்கக் கேட்டது. மயில்வாகனனில் தொடங்கி கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது வரை அறிவிப்பாளர்கள் நடிகர்கள் அளவுக்குப் புகழ் பெற்றார்கள். ஜனங்கள் எல்லாம் கொழும்புப் பக்கம் போய்விட்டார்கள் என்று தெரிந்த பிறகு 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி தொடங்கியது.

டிரான்சிஸ்டரைக் கைக்கணக்கில் பார்த்தால் கிட்டத்தட்டக் குறை சொல்ல முடியாத மாடல். காலையில் ஒரு தடவை திருப்பினால் போதும். பக்திப் பாட்டு, செய்தி, சினிமாப் பாட்டு, நாடகம் என்று அதுவாக வந்துகொண்டே இருக்கும். மணி பார்க்கக்கூடத் தலையைத் திருப்ப வேண்டாம், எந்த நிகழ்ச்சி ஓடுகிறது என்பதே மணி. பேட்டரிக் கட்டை தீர்ந்தால் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார்கள். கரகரவென்றால் கடைத்தெருவில் ரேடியோ மெக்கானிக் இருப்பார். பின்பக்க மூடியைக் கழற்றி, ஈயப்பற்று வைத்து, அரை மணியில் கொடுத்துவிடுவார். இதற்குக் கொடுத்த விலை ஒன்றே ஒன்று. பாட்டைத் தேர்ந்தெடுப்பது கேட்பவர் இல்லை. அஞ்சலட்டையில் விருப்பப் பாட்டு எழுதிப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கலாம், அவ்வளவுதான்.

அந்த உரிமையைக் கொடுத்தது கேசட். பிலிப்ஸ் 1963ல் அறிமுகப்படுத்திய அந்தச் சின்னப் பெட்டி 1980களில் இந்தியாவில் மலிவானது. ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் முளைத்தது. தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்தால் அதே வரிசையில் பதிந்து தருவார்கள். டூ இன் ஒன் வாங்குவது கல்யாணச் சீர் வரிசையில் சேர்ந்தது. ஆனால் தறிக்காரருக்கு இது ஒரு படி பின்னே போன மாடல்! அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் முப்பது நிமிடம். அரை மணிக்கு ஒரு தடவை யாராவது எழுந்து திருப்பிப் போட வேண்டும். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்ற வேண்டும். (தறியிலும் நாடா, கேசட்டிலும் நாடா. இரண்டும் சிக்கும்.) ஆகவே நெய்கிற நேரத்தில் ரேடியோ, ஓய்வு நேரத்தில் கேசட் என்று பிரித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஒரே பெட்டிக்குள் இரண்டும் இருந்தது அந்த வகையில் நல்லதாகப் போயிற்று.

தொலைக்காட்சி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2006ல் தமிழக அரசு இலவச கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கியது, வீட்டுக்கு வீடு வந்தது. ஆனால் அது கண்ணைக் கேட்கிற பெட்டி. தறி ஓடும்போது அதையும் ரேடியோ மாதிரி காதால்தான் கேட்க முடியும். அதன் பிறகு வந்த சைனா செட் போன்கள் இன்னும் சுவாரசியம். பின்பக்கம் முழுக்க ஸ்பீக்கர், சத்தம் தெருமுனை வரை கேட்கும். மெமரி கார்டில் நூற்றுக்கணக்கில் பாட்டு ஏற்றித் தரக் கடைகள் இருந்தன. 2012ல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தபோது, கரண்ட் இல்லாமலே ஓடுகிற கைத்தறிக்குக் கரண்ட் இல்லாமலே பாடுகிற போன் பொருத்தமான ஜோடி. என்ன, தகர டப்பாவுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருக்கும்.

ப்ளூடூத் ஸ்பீக்கர் வந்து சேர்ந்தது இந்தக் கட்டத்தில்தான்.

ப்ளூடூத் பாட்டுக்காகப் பிறந்தது இல்லை. 1994ல் ஸ்வீடனின் எரிக்சன் கம்பெனியில், கருவிகளுக்கு இடையே ஓடும் ஒயரை ஒழிப்பதற்காக யாப் ஹார்ட்சன் என்ற பொறியாளர் வேலையைத் தொடங்கினார். பெயர் பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் ராஜா ஹரால்டின் பட்டப்பெயர். 1998ல் எரிக்சன், இன்டெல், நோக்கியா, ஐ.பி.எம்., தோஷிபா சேர்ந்து ஒரு அமைப்பு வைத்தார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 79 தடங்களுக்குள் நொடிக்கு 1600 தடவை தாவித் தாவிப் போகிற ஏற்பாடு அது. பக்கத்தில் வேறு கருவிகள் இருந்தாலும் மோதாமல் போவதற்காக இந்தத் தாவல். முதலில் பேச்சு மட்டும்தான் போகும். ஸ்டீரியோ இசையை அனுப்பும் முறை 2003ல்தான் வகுக்கப்பட்டது. அதை வைத்துக் கைக்கு அடக்கமான ஸ்பீக்கரை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது ஜாபோன் கம்பெனியின் ஜாம்பாக்ஸ், 2010 நவம்பரில். அந்தக் கம்பெனி 2017ல் மூடப்பட்டுவிட்டது.

பழைய மாடலையும் புது மாடலையும் ஒப்பிட நல்ல உதாரணம் ஜே.பி.எல். ஃப்ளிப் வரிசை. ஒரே பெயரில், அநேகமாக ஒரே உருளை வடிவத்தில் ஏழு மாடல் வந்திருக்கிறது. முதல் ஃப்ளிப் 2012ல். பேட்டரி ஐந்து மணி நேரம், அதற்கென்றே தனி சார்ஜர், தண்ணீர் பட்டால் போச்சு. இரண்டாவதில் எல்லாப் போனுக்கும் பொதுவான சார்ஜர் ஒயர் வந்தது. 2015ல் வந்த மூன்றாவதில் பேட்டரி பத்து மணி நேரம், மேலே தண்ணீர் தெறித்தால் தாங்கும். 2017ல் நான்காவது. பன்னிரண்டு மணி நேரம், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. இதுவரை கதை நேராகத்தான் போகிறது. ஒவ்வொரு மாடலும் முந்தியதைவிட நல்லது.

2019ல் வந்த ஐந்தாவதில்தான் கதை வளைகிறது. பேட்டரியின் கொள்ளளவு 3000 மில்லி ஆம்பியர் மணியிலிருந்து 4800 ஆனது. பாடும் நேரம்? அதே பன்னிரண்டு. கூடுதல் சக்தி சத்தத்துக்குப் போய்விட்டது. முன்பு உள்ளே இரண்டு சின்ன ஸ்பீக்கர் இருந்தது, இப்போது ஒரே பெரிய நீள்வட்ட ஸ்பீக்கர். ஒற்றைப் பெட்டியில் ஸ்டீரியோ போனது. ஒயர் செருகிப் பாட்டு கேட்கிற ஓட்டையை எடுத்துவிட்டார்கள். போன் வந்தால் ஸ்பீக்கரிலேயே பேச உதவிய மைக்கையும் எடுத்துவிட்டார்கள். நான்காவது மாடலோடு இதைச் சேர்த்துப் பாட வைக்கவும் முடியாது, ஏனென்றால் ஜோடி சேர்க்கும் முறையையே மாற்றிவிட்டார்கள். 2021ல் வந்த ஆறாவதில் மெல்லிய ஒலிக்கென்று தனிச் சின்ன ஸ்பீக்கர் சேர்ந்தது, தூசியும் புகாது. 2025ல் ஏழாவது. பேட்டரி பதினாலு மணி நேரம் ஆனது, ஜோடி சேர்க்கும் முறை மறுபடி மாறியது. இப்போது ஆராகாஸ்ட். ஐந்தும் ஆறும் இதோடு சேராது.

கடற்கரைக்கும் நீச்சல் குளத்துக்கும் போகிறவர்களுக்குப் புது மாடல்தான் சரி, அதில் சந்தேகமே இல்லை. தறிக்காரரின் கணக்கு வேறு. கூடத்தில் யாரும் ஸ்பீக்கரை ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் போடப் போவதில்லை. தூசி புகாதது பயன்தான், தறி இருக்கிற இடத்தில் தூசிக்கும் இழைத்துகளுக்கும் குறைவில்லை. மைக் போனது நஷ்டம். புடவை எப்போது ஆகும் என்று கேட்டுப் போன் வரும்போது கையை எடுக்காமல் பேச அது உதவியிருக்கும். ஒயர் ஓட்டை போனது இன்னொரு நஷ்டம், ப்ளூடூத் இல்லாத பழைய கருவிகளை அதில் செருக முடியாது. ஆக, 2017 மாடலே மேல் என்று வாதாட இடம் இருக்கிறது. காசுக் கணக்கில் பார்த்தால் இந்த வாதம்கூட அதிகப்படி. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜெப்ரானிக்ஸின் கவுண்டி மாதிரி மூன்று வாட்ஸ் ஸ்பீக்கர் அந்த விலையில் ஒரு சின்னப் பங்குக்குக் கிடைக்கும். அதில் ப்ளூடூத்தோடு எஃப்.எம். ரேடியோ, மெமரி கார்டு, பென் டிரைவ், ஒயர் ஓட்டை எல்லாம் உண்டு. ஒலித்தரத்தில் ஃப்ளிப்பின் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் போன் இல்லாமலே பாடும். இந்த ஒரு குணம் பல ஆயிரம் ரூபாய் பெட்டியில் இல்லை.

ஏனென்றால் சுத்தமான ப்ளூடூத் ஸ்பீக்கருக்குத் தனக்கென்று பாட்டு கிடையாது. அது போனின் வாய், அவ்வளவுதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவான பிறகு பாட்டு போனில் கொட்டியது உண்மை. கூடவே தொந்தரவும் வந்தது. பாட்டுக்கு நடுவே விளம்பரம், தவிர்க்க வேண்டுமானால் தொட வேண்டும். அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும். பிள்ளை போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனால் ஸ்பீக்கர் ஊமை. கேசட்டுக்கு அரை மணிக்கு ஒரு கை போதும், இதற்கு அதுவும் போதாது.

இந்தக் குறையைப் பெரிய வியாபாரமாக மாற்றிய கம்பெனி கொல்கத்தாவில் இருந்தது. கிராமபோன் குழாய் முன்னால் நாய் உட்கார்ந்திருக்கிற படம் போட்ட எச்.எம்.வி. இசைத்தட்டுகளை விற்ற அதே கிராமபோன் கம்பெனிதான். 2000ல் பெயர் சரிகம என்று மாறியது. இசைத்தட்டு செத்து, கேசட் செத்து, சிடியும் செத்த பிறகு அவர்களிடம் மிச்சம் இருந்தது பல்லாயிரம் பழைய பாட்டுகளின் உரிமை மட்டும். 2017ல் கேரவான் என்று ஒரு பெட்டியை விட்டார்கள். பார்க்க 1970களின் டிரான்சிஸ்டர். உள்ளே 5000 இந்திப் பாட்டு முன்னாலேயே ஏற்றியிருக்கும். விலை 5,990 ரூபாய். தமிழ் மாடலும் வந்தது. எம்.எஸ்.விஸ்வநாதன், கண்ணதாசன், டி.எம்.சௌந்தரராஜன், பி.சுசீலா என்று பெயர் பெயராகத் திருகிப் போகலாம். ப்ளூடூத், பென் டிரைவ், எஃப்.எம். எல்லாமும் உண்டு. ஆனால் வாங்கியவர்கள் வாங்கியது அதற்காக இல்லை. திருகினால் பாடும், அதற்காக. விளம்பரம் இல்லை, இன்டர்நெட் வேண்டாம், தேட வேண்டாம். முதல் சில வருடங்களிலேயே பல லட்சம் பெட்டிகள் விற்றன. பழைய பாட்டு பூராவும் இன்டர்நெட்டில் சும்மா கிடைக்கிற காலத்தில் இது நடந்தது என்பதுதான் ஆச்சரியம்.

எந்தப் பாட்டு அடுத்து வரும் என்று கேட்பவர் சொல்ல முடியாது. அறுபது வருடத்துக்கு முன் டிரான்சிஸ்டரில் குறையாக இருந்த விஷயம், 2017ல் காசு கொடுத்து வாங்குகிற வசதியாகிவிட்டது. ஒரு வித்தியாசம் உண்டு. இலங்கை வானொலி எந்தக் கம்பெனியின் இசைத்தட்டையும் போடும். கேரவான் தன் கம்பெனிக்கு உரிமை உள்ளதை மட்டும்தான் போடும். 1980களின் ஹிட் பாட்டுகளில் பலவற்றைத் தமிழில் வேறு கம்பெனிகள் வெளியிட்டன. அவை எல்லாம் இந்தப் பெட்டிக்கு வெளியே. 1960கள் பற்றித் தெரியாத ஒருவர் கேரவானை மட்டும் கேட்டு வளர்ந்தால் தமிழ்ச் சினிமா இசையின் வரலாறே கொஞ்சம் கோணலாகத்தான் மனதில் பதியும். அறிவிப்பாளர் குரலும் இல்லை, செய்தியும் இல்லை, மணியும் தெரியாது.

2019ல் கேரவான் 2.0 வந்தது. இதில் வைஃபை உண்டு. இன்டர்நெட் வழியே 150க்கு மேற்பட்ட ஒலி நிகழ்ச்சிகள் கேட்கலாம். காகிதத்தில் பார்த்தால் பெரிய முன்னேற்றம். ஆனால் பழைய மாடல் விற்றதே இன்டர்நெட் வேண்டாம் என்பதால்தானே! வீட்டில் வைஃபை இருக்க வேண்டும், போனில் ஆப் இறக்கி இணைக்க வேண்டும். பட்டணத்து வீட்டுக்கு இது சரி. தறி இருக்கிற கூடத்துக்கு 2017ன் பெட்டியே போதும். 251 பாட்டோடு வந்த சின்ன கேரவான் மினிகூடப் போதும், ஒரு வாரத்தில் எல்லாப் பாட்டும் மனப்பாடம் ஆகிவிடும் என்பதைத் தவிர.

மாடல்களை ஒப்பிடும்போது யாரும் பேசாத எண் ஒன்று பாக்கி இருக்கிறது. ஐந்தாவது வருடத்தில் பெட்டி எத்தனை மணி நேரம் பாடும்? அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் பன்னிரண்டு மணி நேரம் புதுப் பெட்டிக்கு. சோனி 1991ல் கடைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் பேட்டரி, ஏற்றி இறக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். சில நூறு தடவைக்குப் பிறகு தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். தினமும் காலை முதல் இருட்டும் வரை ஓடுகிற பெட்டி இரண்டு வருடத்துக்குள் அந்த எண்ணைத் தாண்டிவிடும். டிரான்சிஸ்டரில் கட்டையை மாற்றினால் பெட்டி மறுபடி புதுசு. தண்ணீர் புகாத ஸ்பீக்கரில் பேட்டரியை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். திறந்தால் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் போகும், உத்தரவாதமும் போகும். தண்ணீர் தாங்குகிற குணம் வேண்டாத வீட்டிலும் அதன் விலையைக் கொடுத்தாக வேண்டும்.

ஐரோப்பிய யூனியன் 2023ல் பேட்டரிகளுக்கென்று ஒரு சட்டம் போட்டது. கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே சாதாரணக் கருவியால் கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்பது அதில் ஒரு விதி. அமலுக்கு வரும் தேதி 2027 பிப்ரவரி 18. தண்ணீரில் நனைகிற இடத்திலேயே முக்கியமாக இயங்குவதற்கென்று செய்த கருவிகளுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. வாங்கியவரால் கழற்ற முடியாவிட்டாலும் பரவாயில்லை, கம்பெனியைச் சேராத தொழில்முறை ஆள் ஒருவரால் கழற்ற முடிந்தால் போதும் என்கிறது சட்டம். அந்த ஆளுக்கு ஆரணிப் பக்கத்துக் கடைத்தெருக்களில் முன்பு ரேடியோ மெக்கானிக் என்று பெயர்.